தாய் போட்ட கையெழுத்து

யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின், எங்கள் கல்லூரியின் விளையாட்டுக் குழுக் கூட்டத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். மேசையைச் சுற்றி ஏழு ஆண்கள் இருந்தார்கள். எட்டாவது ஆள் நான். கூட்டக் குறிப்பு எழுதும் கொப்பி வழமைபோல என் முன்னால்தான் கிடந்தது. இத்தனை ஆண்கள் கூடியிருந்தும் அவர்களில் ஒருவருக்காவது எழுதத் தெரியாமல் போனது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"இந்த ஒரு வரிக்கு ஏன் மிஸ் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

மாணவிகள் வெளியூர்ப் போட்டிக்குப் போவதற்கு வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டிய அனுமதிக் கடிதத்தின் கடைசி வரி அது. 'தகப்பன் அல்லது ஆண் பாதுகாவலரின் கையொப்பம்.' அதை வெட்டிவிட்டு 'தாய் அல்லது தகப்பன்' என்று போடும்படி கேட்டு மூன்று கூட்டங்களாக நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சுற்றறிக்கைகளை எடுத்துக் காட்டினேன். பிள்ளைகளைத் தாய்மார் தனியே நின்று ஆளாக்குகிற ஊரில் இப்படி ஒரு வரியை வைத்துக்கொண்டிருக்க உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று குரலை உயர்த்தியும் கேட்டேன். வரி மாறியது. கூட்டக் குறிப்பில் அதை நானே எழுதினேன், எழுத்துக் கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது.

நான் சொன்ன காரணங்கள் எல்லாம் சரியானவைதான். ஆனால் என்னை உள்ளே போட்டு அரித்துக்கொண்டிருந்த காரணத்தை அன்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த வரியை முதன்முதலில் தட்டச்சு செய்தவள் நான். அதற்குப் பின் நான் செய்தது அதைவிட மோசம்.

சுனாமிக்கு மூன்று வருடங்களுக்கு முன் அந்தக் கல்லூரியில் உதவி உடற்கல்விப் போதனாசிரியையாகச் சேர்ந்தேன். மைதானத்தின் ஒரு பக்கம் வாவி. பின்னேரத்தில் வாவிப் பக்கமிருந்து காற்று வீசும்போது, மேலே எறிந்த பந்து ஒரு முழம் தள்ளித்தான் கைக்கு வரும். அந்தக் காற்றில் வலைப்பந்து ஆடிப் பழகினால் எந்த ஊரிலும் ஆடலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். சொல்லி என்ன, பின்னேரம் அவர்களுக்குக் கிடைத்தால்தானே. நான்கு மணிக்குப் பிறகு மைதானம் ஆண்களுடையது. பெண்களுக்கு இரண்டு மணி முதல் மூன்றரை வரை. மட்டக்களப்பு வெயிலில் இரண்டு மணிக்கு நாயும் நிழலை விட்டு எழும்பாது. "பொம்புளப் புள்ளைகள் பொழுதுபட முன்ன வீட்ட போகவேணும்" என்பது நிருவாகம் சொன்ன காரணம். பொழுது படுவதற்கு இன்னும் மூன்று மணித்தியாலம் இருப்பதை நான் ஒருதரம் கணக்குப் பார்த்துச் சொன்னேன். சிரித்தார்கள்.

விளையாட்டுச் சாமான்கள் இருந்த அறையின் திறப்பு ஓர் ஆணியில் தொங்கும். ஆண்கள் அணித் தலைவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். நான் ஒரு பந்து எடுக்க வேண்டுமென்றால் புத்தகத்தில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், திரும்பக் கொடுக்கும்போது இன்னொரு கையெழுத்து. சம்பளம் வாங்குகிற ஆசிரியை நான், அவர்கள் படிக்கிற பிள்ளைகள். எங்கள் பெண்கள் அணிக்குப் புதுச் சட்டை என்று ஒன்று வந்ததில்லை. ஆண்கள் உதைபந்தாட்ட அணி போட்டுக் கழித்த சட்டைகளைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒடுக்கித் தைத்துக்கொண்டு வருவார்கள்.

எங்கள் பிரிவுத் தலைவரைப் பெரிய சேர் என்றே எல்லோரும் சொல்வோம். ஒரு காலத்தில் நல்ல உதைபந்தாட்டக்காரர். அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். சுனாமிக்கு அடுத்த நாள், ஆற்றுவாய் உடைத்து றோட்டே இல்லாமல் கிடந்தபோது, மோட்டார் சைக்கிளைப் பாதி வழியில் விட்டுவிட்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து எங்கள் ஊரான பெரியகல்லாற்றுக்கு வந்து, கோயில் வளவில் ஈரச் சேலையோடு இருந்த என்னைக் கண்டதும், "இரிக்கிறீங்களா புள்ள" என்று சொல்லி அழுதவர் அவர். அதை நான் மறக்கவில்லை. மறக்காதபடியால்தான் பல விடயங்களில் அவரை எதிர்த்துப் பேச நா எழவில்லை.

எங்கள் வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்தது. என் அம்மாவுக்கு அவருடைய அம்மா கொடுத்தது, அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்தது. எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்து ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். நீ எந்தக் குடி என்று கேட்டால் தாயின் குடியைத்தான் சொல்வோம். அலை அந்த வீட்டைக் கொண்டுபோய், நிலத்தையும் கிணற்றையும் விட்டுவிட்டுப் போனது. சில மாதம் கழித்துப் புது வீட்டுக்குப் பெயர் பதிய வந்தவர்கள் "குடும்பத் தலைவர் பெயர் என்ன?" என்று கேட்டார்கள். நான் பக்கத்தில் நிற்கும்போதே என் கணவரின் பெயரை எழுதிக்கொண்டார்கள். நான் வாயைத் திறந்தேன். "பேர்தானே, ஆருட பேரில இருந்தா என்ன" என்றார் என் கணவர். வரிசையில் எனக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு பெண் நின்றாள். அவளுக்கு முன்னால் பெயருக்குச் சண்டை பிடிப்பது அசிங்கமாகப் பட்டது. வாயை மூடிக்கொண்டேன். அது ஒரு பழக்கமாகிவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வலைப்பந்துத் தளம் சீமெந்து போட்டது. சுனாமிக்குப் பின் அதில் தறப்பாள் கூடாரங்கள் அடித்து, இடம்பெயர்ந்த குடும்பங்களை இருத்தினார்கள். அதில் எங்களுக்கு ஒரு மனக்குறையும் இல்லை. கம்பங்களில் கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள். என் அணிப் பிள்ளைகளில் இரண்டு பேரே அந்தக் கூடாரங்களில்தான் இருந்தார்கள். கூடாரங்கள் போன பிறகும் தளம் எங்களுக்குத் திரும்பி வரவில்லை. அதிகாரிகளின் வாகனங்கள் வெயில் படாமல் நிற்க அதுதான் தோதான இடம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள், பக்கத்தில் இரண்டு வாகை மரங்கள் நின்றன. நான் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். "பரிசீலனையில் உள்ளது" என்று வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் எங்கள் பிள்ளைகள் மணலில் வலைப்பந்து ஆடினார்கள்.

அந்தக் காலத்தில்தான் வடக்கே வாகரைப் பக்கத்து மாங்கேணிக் கிராமத்துப் பிள்ளை ஒருத்தி எங்கள் அணிக்கு வந்தாள். மெலிந்த, உயரமான பிள்ளை. நடுக்களத்தில் நின்று ஆடுவாள். பந்து அவள் கைக்கு வந்தால் மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்காமலே எறிவாள், அது போய்ச் சேரும். தகப்பன் மீன்பிடிகாரர். ஒருநாள் சைக்கிளில் மீன் விற்கப் போனவர் திரும்பி வரவில்லை. யார் பிடித்தார்கள், என்ன ஆனார் என்று ஒருவரும் சொல்லவில்லை, கேட்கவும் பயம். பிறகு வாகரைப் பக்கம் செல் குண்டுகள் விழத் தொடங்க, தாயும் தங்கைகளும் காட்டு வழியாக நடந்து வந்து, நகரத்துக்கு வடக்கே ஒரு பாடசாலை வளவில் முகாமில் இருந்தார்கள். இவள் மட்டும் விடுதியில் தங்கிப் படித்தாள்.

என் கடிதங்கள் செய்யாததை அவள் ஒரு காலையில் செய்தாள். ஏழு மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தளத்தைக் கூட்டிக் கழுவி, அடுப்புச் சாம்பலால் கோடு போட்டு, கம்பம் நட்டு ஆடத் தொடங்கிவிட்டார்கள். எட்டரைக்கு முதல் வேன் வந்து கோர்ன் அடித்தது. ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. வாகனங்கள் வாசல்வரை வரிசை பிடித்தன. பெரிய சேர் ஓடி வந்தார், அவருக்குப் பின்னால் நானும் ஓடினேன்.

"என்ன புள்ள இது?"

"எங்கட கோட் சேர்" என்றாள் அவள், பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு. "கோட்டுக்குள்ள மண் சப்பாத்தோட வாறதே பிழை எண்டு நீங்கதானே படிப்பிச்ச? இவங்க வேனோட வாறாங்க."

நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பெரிய சேர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று கையை விரித்தேன், அது உண்மையும்கூட. அந்த வாரமே தளம் எங்களுக்கு வந்தது. பிள்ளைகள் அவளைத் தலைவியாக்கினார்கள், என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளைத்தான் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு நிருவாகத்துக்கு எங்கள் மேல் ஒரு கண். இரண்டு மாதம் கழித்துக் கண்டிப் பக்கத்தில் நடக்கும் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்கு அழைப்பு வந்தது. சுனாமிக்குப் பின் எங்கள் பெண்கள் அணிக்கு வந்த முதல் அழைப்பு. ஆண்கள் கரப்பந்தாட்ட அணியும் அதே பஸ்ஸில் போவதாக ஏற்பாடு. பெண்கள் அணிக்கு நான் பொறுப்பாக இருந்தும், பயணத்துக்குப் பொறுப்பாகப் பெரிய சேரும் வருவார் என்றார்கள். அதோடு மாணவிகள் மட்டும் வீட்டிலிருந்து அனுமதிக் கடிதம் கொண்டுவர வேண்டும். ஆண்களுக்குக் கடிதம் இல்லை. அவர்களைச் சோதனைச் சாவடியில் பிடித்து இறக்கினால் யார் பொறுப்பு என்று நான் கேட்கவில்லை.

தமிழ்த் தட்டச்சு எனக்குத்தான் கைவந்தது. பெரிய சேர் சொல்லச் சொல்ல அடித்தேன். 'பெற்றோர்' என்று அடித்ததும் நிறுத்தினார்.

"அப்பிடிப் போடாதீங்க மிஸ். தகப்பன் எண்டு போடுங்க. இல்லாட்டி ஒரு ஆண் பாதுகாவலர். நாளைக்கு ஒரு பிரச்சினை எண்டா வந்து நிக்க ஒரு ஆம்பிளை வேணும்."

அடித்துக் கொடுத்தேன். முதலில் பிள்ளைகள் போய் ஆடட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் கடிதம் கொண்டுவந்தார்கள். தாய்மாமன் போட்டது, அக்காவின் புருசன் போட்டது என்று பலவிதம். ஒருத்திக்கு அவளுடைய தம்பி போட்டிருந்தான். அவன் உயர்தரம் படிக்கிறவன், மீசை அரும்புகிற வயது. அவர்களுடைய தாய் ஒரு பாடசாலை அதிபர். நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் சான்றிதழில் செல்லுபடியாகிற அந்தத் தாயின் கையெழுத்து, தன் மகளின் கடிதத்தில் செல்லாது. அந்தக் கடிதத்தையும் நான் வாங்கிக் கடிதக் கோவையில் போட்டேன்.

போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது மாங்கேணிப் பிள்ளையின் தாய் நேரே வந்தார். முகாமிலிருந்து இரண்டு பஸ் மாறி, இரண்டு இடத்தில் இறங்கிப் பையைத் திறந்து காட்டி வந்திருந்தார். நிவாரண அட்டை வைக்கும் பொலித்தீன் பைக்குள் கடிதத்தை வைத்து, அதைச் சேலைத் தலைப்புக்குள் பிடித்திருந்தார். கடிதத்தின் அடியில் அவருடைய கையெழுத்து இருந்தது. ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி, அழுத்தி எழுதிய கையெழுத்து. தாள் பின்பக்கம் தடித்திருந்தது.

பெரிய சேர் எழுந்து கதிரை கொடுத்தார். கடிதத்தைப் பார்த்தார்.

"அம்மா, இதில தகப்பன் போடவேணும்."

"அவர் இல்ல சேர்."

"மோசம் போயிட்டாரா?"

"தெரியா சேர்."

"அப்ப ஆம்பிளை ஆரும் இல்லையா? உங்கட அண்ணன், தம்பி?"

"ஒருத்தனைக் கடல் கொண்டுபோயிட்டு. மத்தவன் எங்க எண்டு தெரியா." அவர் குரல் உயரவில்லை. "நான் இரிக்கன்தானே சேர். இவள வயித்தில சுமந்தது நான். வீடும் வளவும் என்ட பேரில. தோணி ஒண்டுதான் அவர்ர பேரில இரிந்த."

"அது சரி அம்மா. ஆனா முறை எண்டு ஒண்டு இரிக்குத்தானே" என்று சொல்லி, ஒற்றை விரலால் அந்தக் கடிதத்தை மேசையின் மறுபக்கம் தள்ளினார். அது மேசை விளிம்பில் என் பக்கம் வந்து நின்றது. குப்பைக் கூடையில் விழுந்து அந்தத் தாயின் கண்ணில் படக்கூடாது என்று நினைத்து, நாலாக மடித்து என் கைப்பைக்குள் வைத்தேன். அப்போது பேசியிருக்க வேண்டும். முறை என்று அவர் சொன்னது எங்கள் ஊர் முறையே அல்ல என்று சொல்லியிருக்க வேண்டும். என் வீட்டைக் கணவரின் பெயரில் எழுத விட்டது நினைவுக்கு வந்தது. நான் எந்த வாயால் சொல்வது?

வெளியே வாகை மர நிழலில் வைத்து அவர் கையைப் பிடித்தேன். "நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. நான் பாத்துக்கொள்ளுறன்."

"உங்கள நம்பித்தான் மிஸ் அனுப்புறன்" என்றார். "பந்து பிடிக்கிற நேரம் மட்டும்தான் அவள் தகப்பன யோசிக்காம இரிக்காள்."

நான் பார்த்துக்கொண்டது எப்படியென்றால், அடுத்த நாள் காலையில் பிட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவருக்கு முன்னால் புதிதாக ஒரு கடிதத்தை வைத்தேன். "எங்க போடுற?" என்று கேட்டார். விரலால் காட்டினேன். வாசிக்காமலே இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு போட்டார். உறவு முறை என்ற இடத்தில் 'பெரியப்பா' என்று நான் எழுதினேன். பெரிய சேர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோவையில் வைத்தார். அவருக்குத் தேவையானது ஓர் ஆணின் கையெழுத்து. எந்த ஆண் என்று கேட்க அவருக்கும் அவசியம் இருக்கவில்லை. பிள்ளையிடமும் தாயிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தாள்தானே என்று நினைத்தேன்.

விடிந்ததும் புறப்பட்டோம். பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தார்கள். மாங்கேணிப் பிள்ளை ஜன்னலோரம் இருந்து, மடியில் பந்தை வைத்துக்கொண்டு, வெளியே நெல் விளையும் வட்டைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பொலன்னறுவைக்குப் போகும் வழியில் இருந்த பெரிய சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்கள் அணி அடையாள அட்டையைக் காட்டிவிட்டுக் கடந்து போய் மறுபக்கத்தில் நின்றது. பெரிய சேர் கோவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாவலர் கடிதம் இருக்கிறது என்று பெருமையாக நீட்டினார். அதுவரை சாவடியில் நின்ற இராணுவ அதிகாரி கடிதம் எதுவும் கேட்கவில்லை.

அவர் இளம் வயதுக்காரர். ஒவ்வொரு கடிதத்தையும் அடையாள அட்டையோடு வைத்துப் பார்த்தார். எங்களோடு வந்த சிங்களம் தெரிந்த ஒரு மாணவி மொழிபெயர்த்தாள். மாங்கேணிப் பிள்ளையின் கடிதம் வந்ததும் நிறுத்தினார். அட்டையில் மாங்கேணி, கடிதத்தில் பெரியகல்லாறு. பெயருக்கும் பெயருக்கும் தொடர்பு இல்லை.

"இது யார், அப்பாவா?"

பிள்ளை எட்டிப் பார்த்தாள். தான் கேள்விப்படாத ஒரு பெயர் தன் கடிதத்தில் இருப்பதைக் கண்டாள். "இல்ல" என்றாள்.

"பெரியப்பா" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதிகாரியும் அவள் பார்த்ததைப் பார்த்தார்.

"அப்பா எங்கே?"

"தெரியா" என்றாள் அவள்.

அந்தக் காலத்தில், அந்த இடத்தில், வடக்குப் பக்கத்து மாங்கேணி அட்டையோடு நிற்கும் ஒரு பிள்ளை அப்பா எங்கே என்று தெரியாது என்று சொன்னால், அப்பா இயக்கத்தில் என்றுதான் அர்த்தம் எடுப்பார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டு சிப்பாய்கள் நெருங்கி வந்தார்கள். இது என் கணவரின் பெயர் என்று சொல்லிவிட்டேன். ஏன் உன் கணவர் போட்டார் என்று கேட்டார்.

"அம்மா? அம்மா இருக்கிறாவா?" இதை அவரே தமிழில் கேட்டார்.

"இரிக்கா. முகாமில."

"அம்மாவுக்குத் தெரியுமா? விருப்பமா?"

"ஓம், ஓம்" என்றேன்.

"அம்மா ஏதும் எழுதித் தந்தாவா?"

பெரிய சேர் என்னைப் பார்த்தார். நான் கோவையைப் பார்த்தேன். "இதுதான் கடிதம்" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டு, அட்டையைப் பிள்ளையின் கையில் கொடுத்தார். பிடித்து வைக்கவில்லை, அந்த அளவுக்குத் தப்பித்தோம். இந்தப் பிள்ளை மட்டும் திரும்பிப் போகட்டும், மற்றவர்கள் போகலாம் என்றார். பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். அவள் இல்லாவிட்டால் நாங்களும் போகவில்லை என்று இரண்டு பேர் றோட்டில் குந்திவிட்டார்கள். அவள்தான் அவர்களைக் கையைப் பிடித்து எழுப்பி, தன் பையிலிருந்த நடுக்கள ஆட்டக்காரியின் எழுத்துப் போட்ட மேலங்கியை எடுத்து, துணைத் தலைவியின் தோளில் போட்டு, "போய் ஆடுங்கடி" என்று பஸ்ஸில் ஏற்றினாள்.

"நீங்க புள்ளையோட திரும்புங்க மிஸ்" என்றார் பெரிய சேர். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் சொன்ன மாதிரி ஒழுங்கான ஆம்பிளை ஒருத்தர் போட்டிரிந்தா இப்பிடி வந்திராது" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கோவையைப் பிடுங்கி அவர் மூஞ்சியில் எறிந்திருப்பேன். எறியவில்லை. அவர் மீதிருந்ததைவிட என் மீதே எனக்கு ஆத்திரம் அதிகம்.

எங்கள் அணி முதல் ஆட்டத்திலேயே தோற்றது. தலைவியும் இல்லை, பயிற்றுவித்தவளும் இல்லை, ஆட்டத்தின் விதியும் தெரியாத பெரிய சேர் கோட்டுக்கு வெளியே நின்று கை தட்டினாராம். ஆனால் அது பிறகு வந்த செய்தி.

எதிர்ப்பக்கமிருந்து வந்த ஒரு பஸ்ஸில் திரும்பினோம். வழி நெடுக அவள் என் பக்கம் திரும்பவில்லை. அழவும் இல்லை. பசிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்று தலையை ஆட்டினாள். விடுதிக்குப் போகாமல் நேரே அம்மாவிடம் போக வேண்டும் என்றாள். நானும் போனேன். விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

தாய் தறப்பாள் கூடாரத்தின் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மகளைக் கண்டதும் எழுந்தார். அவள் உள்ளே போய்ப் பாயில் சுவர்ப்பக்கம் திரும்புவதுபோல் தறப்பாள் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தாய் எனக்கு ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு இருக்கச் சொன்னார். நான் இருந்தேன். நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. புருசன் கையெழுத்துப் போட்டதையும், நான் பெரியப்பா என்று எழுதியதையும் சொன்னேன்.

அவர் ஆய்ந்த கீரையை ஒரு பக்கம் தள்ளி வைத்தார்.

"நான் பெத்த புள்ளைக்கு உங்கட புருசனா மிஸ் கையெழுத்துப் போட்ட?"

"ஓம்" என்றேன். "பிழைதான். எப்பிடியாவது அவள் போகவேணும் எண்டு..."

"அப்ப என்ட கடிதம் எங்க?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. கைப்பையைத் திறந்தேன். சீப்புக்கும் கைலேஞ்சிக்கும் நடுவில், நாலாக மடித்தபடி அது அப்படியே இருந்தது. நான்கு நாளாக இருந்திருக்கிறது. சாவடியில் அந்த அதிகாரி அம்மா ஏதும் எழுதித் தந்தாரா என்று கேட்டபோதும் அந்தப் பை என் தோளில்தான் தொங்கியது. அவர் கேட்டது இந்தத் தாளைத்தான். நீட்டியிருந்தால் அனுப்பியிருப்பாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. பையைத் திறந்து பார்க்கவேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை என்பது மட்டும் தெரியும். வீடு பெண்ணுக்கு என்று சொல்கிற ஊரில் பிறந்து, பெண்களுக்காகக் கடிதம் கடிதமாக எழுதிய நான், ஒரு தாயின் கையெழுத்தை ஒரு கடிதம் என்றே எண்ணவில்லை. பெரிய சேர் ஒற்றை விரலால் தள்ளினார். நான் மடித்துப் பைக்குள் வைத்தேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எடுத்துக் கொடுத்தேன். அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். மடிப்புகளைப் பிரித்து, முழங்காலில் வைத்துத் தடவி நேராக்கினார். தன் பெயரை எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு அந்தத் தாளை என் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"வடிவாத்தானே மிஸ் போட்டிரிக்கன்? வாசிக்க ஏலுந்தானே?"

"ஏலும்" என்றேன். உள்ளே தறப்பாள் பக்கம் திரும்பிப் படுத்திருந்த பிள்ளை அப்போதுதான் அழத் தொடங்கினாள்.